சகலை எந்த மொழி எடுத்தான்?

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் நெடுஞ்சாலையோரம் பம்பு செய்யும் கம்பெனி ஒன்று இருக்கிறது. அதன் பெயரை இங்கே எழுதிப் பயனில்லை. நீங்கள் இதைப் படிப்பதற்குள் மாறியிருக்கும். முதலில் அதை ஒரு டென்மார்க் கம்பெனி வாங்கியது. பிறகு அந்த டென்மார்க் கம்பெனியை ஒரு ஸ்வீடன் கம்பெனி விழுங்கியது. இரண்டும் சேர்ந்து தலைமை அலுவலகத்தை நார்வேயில் வைத்துக்கொண்டன. பம்பு மட்டும் அன்று எப்படி இருந்ததோ இன்றும் அப்படியே இருக்கிறது.

ஒருநாள் கேன்டீன் வாசலில் அறிவிப்பு ஒன்று ஒட்டப்பட்டது. தாய்க் கம்பெனியில் இரண்டாண்டுப் பயிற்சிக்கு ஊழியர் ஒருவர் குடும்பத்துடன் அனுப்பப்படுவார். அவர் தாய்க் கம்பெனியின் மொழியை அறிந்திருக்க வேண்டும். ஸ்வீடிஷ், டேனிஷ், நார்வேஜியன் ஆகியவற்றுள் அது எந்த மொழி என்பதை ஊழியரே தேர்ந்தெடுத்துக் கற்க வேண்டும். போகும் நாடு எது என்பது விமானச் சீட்டு வந்த பிறகே தெரிவிக்கப்படும்.

அசெம்பிளிப் பிரிவில் வேலை செய்யும் கோவிந்தன் அறிவிப்பைப் படிக்கவில்லை. அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்த பிரகாஷின் முகத்தைப் படித்துக்கொண்டிருந்தான்.

காரணம் உண்டு. உத்தனப்பள்ளி கெம்பம்மாவுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் பிரியதர்ஷினியைக் கோவிந்தன் கட்டினான். இளையவள் காவியாவைப் பிரகாஷ் கட்டினான். ஆகவே இருவரும் சகலைகள். பிரகாஷைக் கம்பெனியில் சேர்த்துவிட்டதே கோவிந்தன்தான். சேர்ந்த சில மாதங்களிலேயே அவன் ஏசி போட்ட தரச் சோதனை அறைக்குப் போய்விட்டான். கோவிந்தன் பைக் வாங்கிய வருடம் பிரகாஷ் கார் வாங்கினான். கோவிந்தன் ஓட்டைப் பிரித்துத் தளம் போட்டான், பிரகாஷ் மாடி கட்டினான். பிரகாஷ் தன் வீட்டின் மேல்தான் கட்டினான் என்றாலும், கோவிந்தனுக்கு அது தன் தலைமேல் கட்டியதாகவே இருந்தது.

இந்தப் பயணம் மட்டும் கிடைத்துவிட்டால் அந்த மாடியை விமானத்திலிருந்து கீழே குனிந்து பார்க்கலாம். கோவிந்தன் வேறொன்றும் கேட்கவில்லை.

திட்டத்தை நடத்த 'மொழித் தேர்வு மற்றும் மனநல்லிணக்கக் குழு' அமைக்கப்பட்டது. அதன் தலைவர் மனிதவளத் துறைத் தலைவர் ராஜ்குமார். தொடக்க விழாவில் குத்துவிளக்கு ஏற்றிவிட்டு அவர் பேசினார்.

"நண்பர்களே, உங்கள்ல பல பேர் வீட்டுல தெலுங்கு பேசறீங்க, சந்தையில கன்னடம் பேசறீங்க, இங்க வந்து தமிழ் பேசறீங்க. ரொம்ப நாளா எனக்கு இது ஒரு கவலை. எந்தக் குழுவும் தேர்ந்தெடுக்காம, ஒரு படிவம்கூட இல்லாம, நீங்களா மூணு மொழி பேசிட்டிருக்கீங்க. இதுக்கு என்ன ஆதாரம்? நாளைக்கு ஆடிட்டர் வந்து கேட்டா நான் எதைக் காட்டுவேன்? அதனால இந்த முறை ஒரே ஒரு மொழியை, முறைப்படி, மெதுவாக் கத்துக்கப் போறோம்."

எல்லோரும் கைதட்டினார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வெங்கடப்பன் மட்டும் எழுந்தார்.

"சார், அங்க என்னா பாஷை பேசறாங்கன்னு ஒரு போன் போட்டுக் கேட்டுட்டா முடிஞ்சு போச்சே?"

"கேட்டோம் வெங்கடப்பன். மூணு நாட்டுக்கும் மெயில் போட்டோம். மூணு பேரும் 'இங்கிலீஷே போதும்'னு பதில் போட்டாங்க. அது அவங்க பண்பாடு. நாம ஒருத்தர் வீட்டுக்குப் போனா 'ஒண்ணும் வேணாம், தண்ணி போதும்'னு சொல்றோமில்ல? அதுக்காகத் தண்ணி மட்டும் குடுத்து அனுப்பிடுவாங்களா?"

வெங்கடப்பன் உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு அவர் இந்தத் திட்டத்தின் பக்கமே வரவில்லை.

முதல் கட்டம் மொழி ஈர்ப்புச் சோதனை. அதற்காகப் பெங்களூரிலிருந்து அனிதா என்ற ஆலோசகர் வரவழைக்கப்பட்டார். அவர் கோவிந்தனை உட்காரவைத்து, பனி பெய்யும் காட்டுப்படம் ஒன்றைக் காட்டினார்.

"இதைப் பார்த்தா மனசுல என்ன தோணுது?"

"மார்கழியில தளி பக்கம் இப்பிடித்தாங்க மேடம் இருக்கும். ரோஜாத் தோட்டத்துக்குப் போறவங்க குல்லா போட்டுட்டுப் போவாங்க."

"தனிமை தோணலையா?"

"தோட்டத்துல நெறைய ஆளுங்க வேலை செய்வாங்களே மேடம்."

அனிதா ஏதோ எழுதிக்கொண்டார். "கடலைப் பார்த்தா?"

"பார்த்ததில்லைங்க. கேஆர்பி அணையைப் பார்த்திருக்கேன். மீன் நல்லா இருக்கும்."

அனிதா பேனாவை மூடினார். "டேனிஷுக்குத் தொண்டை வேணும். நார்வேஜியனுக்கு மலையேற்ற மனசு வேணும். ஸ்வீடிஷுக்கு ஒழுங்கு வேணும். உங்களுக்குக் கடல் இல்ல, தனிமை இல்ல. ஸ்வீடிஷ் எடுங்க. வேற ஏதாவது கேக்கணுமா?"

கோவிந்தனுக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "பிரகாஷுக்கு என்ன மேடம் சொன்னீங்க?"

"அது ரகசியம். யார் எந்த மொழி எடுத்தாங்கன்னு யாருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எடுப்பாங்கன்னு குழு முடிவு பண்ணியிருக்கு."

அந்த நிமிடத்திலிருந்து கம்பெனியில் யாரும் மொழியைப் பற்றி யோசிக்கவில்லை. அடுத்தவன் எடுத்த மொழியைப் பற்றி மட்டுமே யோசித்தார்கள்.

கோவிந்தன் மனைவியை ஏவினான். பிரியதர்ஷினி தங்கைக்குப் போன் செய்து வெகுநேரம் பேசிவிட்டு வந்தாள்.

"என்ன சொன்னா காவியா?"

"ரசம் வெச்சாளாம்."

"அதையா கேக்கச் சொன்னேன்?"

"கேட்டேங்க. 'மாமா என்ன எடுத்தாரு'ன்னு அவளும் கேட்டா. நானும் ரசம்தான் வெச்சேன்னு சொல்லி வெச்சுட்டேன்."

வேறு வழியில்லாமல் கோவிந்தன் தானே துப்புத் துலக்கினான். கேட்டுக்கு வெளியே டீக்கடையில் பிரகாஷ் கிளாஸை வாங்கிக்கொண்டு கடைக்காரரிடம் 'தக்' என்று சொன்னதைக் கேட்டான். ஓடிப்போய்ச் செல்போனில் தேடினான். மூன்று மொழியிலும் நன்றிக்கு அதேதான் சொல் என்று வந்தது. பிரகாஷ் வேண்டுமென்றே அப்படிப்பட்ட சொல்லாகப் பார்த்துச் சொல்லியிருக்கிறான் என்று கோவிந்தனுக்கு இன்னும் எரிந்தது. அடுத்த நாள் கேன்டீனில் பிரகாஷ் தொண்டையில் களி உருண்டை அடைத்துக்கொண்டதுபோல் ஏதோ முணுமுணுப்பதைப் பார்த்தான். தொண்டை! டேனிஷ்! தரச் சோதனை அறை மனிதவள அலுவலகத்துக்கு அடுத்த அறை. விஷயம் தெரியாமல் பிரகாஷ் தொண்டையைக் கெடுத்துக்கொள்ள மாட்டான்.

கோவிந்தன் மொழி மாற்றத்துக்கு விண்ணப்பித்தான்.

மொழி மாறுவது சுலபமில்லை. பழைய மொழியின் ஆசிரியரிடமிருந்து தடையில்லாச் சான்று பெற வேண்டும். அதுவரை கற்ற சொற்களை ஆசிரியரிடம் திருப்பி ஒப்படைக்க வேண்டும். ஆசிரியர் கிருஷ்ணகிரியைச் சேர்ந்த மணிமேகலை. வேதியியல் படித்தவர். மூன்று மொழிக்கும் அவர் ஒருவரே. ஸ்வீடிஷ் வகுப்புக்கு மஞ்சள் துப்பட்டா, டேனிஷுக்குச் சிவப்பு, நார்வேஜியனுக்கு நீலம் போட்டுக்கொள்வார். ஒரு மொழியின் வகுப்பில் இன்னொரு மொழியின் வாடையே வரக் கூடாது என்பது குழுவின் கண்டிப்பான உத்தரவு.

மஞ்சள் துப்பட்டாவின் முன் நின்று கோவிந்தன் தான் கற்ற ஸ்வீடிஷ் சொற்களை ஒவ்வொன்றாகச் சொன்னான். அவர் ஒவ்வொன்றாக டிக் செய்துகொண்டார்.

"வெண்ணெய்க்கு என்ன சொல்லு குடுத்தேன்? அதைக் காணோமே?"

"மறந்து போச்சுங்க டீச்சர்."

"தொலைச்சதா எழுதிக்கறேன்."

சான்றில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் உள்ளே போனார். சிவப்புத் துப்பட்டாவோடு வெளியே வந்தார்.

"வாங்க. புதுசா? பேரு என்ன?"

"என்னங்க டீச்சர், இப்பத்தானே..."

"அது ஸ்வீடிஷ் டீச்சர். அவங்களுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கெடையாது."

டேனிஷ் வகுப்பில் கோவிந்தன் முதல் வரிசையில் போய் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தான். பிரகாஷைக் காணவில்லை. கோவிந்தன் ஸ்வீடிஷ் எடுத்ததைப் பிரகாஷும் எப்படியோ மோப்பம் பிடித்து, சிவப்பிலிருந்து மஞ்சளுக்குத் தாவியிருந்தான். கோவிந்தன் உடனே மஞ்சளுக்குத் திரும்ப விண்ணப்பித்தான். அது நிறைவேறிய அன்று பிரகாஷ் சிவப்புக்குத் திரும்பியிருந்தான். இப்படியே கோடைக்காலம் போயிற்று, மழைக்காலமும் போயிற்று. இரண்டு பேரும் ஒரு மொழியிலும் தங்கவில்லை. ஒப்படைத்த சொற்களோ தலையை விட்டுப் போகவில்லை. இறுதியில் இருவரும், அடுத்தவன் நினைத்துக்கூடப் பார்க்காத மொழி என்று முடிவு செய்து, ஒரே நாளில் நீலத் துப்பட்டாவின் வகுப்புக்குள் நுழைந்தார்கள்.

"என்ன சகலை, இங்க?" என்றான் பிரகாஷ்.

"நானா? நான் மொதல்லேர்ந்தே நார்வேஜியன்தான்பா."

"நானும் அதேதான்."

"அப்ப நேத்து வரைக்கும் செவப்புத் துப்பட்டா வகுப்புல உக்காந்திருந்தது யாரு? உன் ஆவியா?"

"நீ பார்த்தியா? அப்ப நீ அங்க என்ன பண்ணிட்டிருந்தே?"

மணிமேகலை மேசையைத் தட்டினார். "இங்க தமிழ்ல சண்டை போடக் கூடாது. நார்வேஜியன்ல போடுங்க."

இருவரும் அமைதியாக உட்கார்ந்தார்கள். சண்டை போடும் அளவுக்கு அந்த மொழி இன்னும் வரவில்லை.

தேர்வு நடந்தது. ராஜ்குமார் முடிவை அறிவித்தார். "மொழித் திறமையில கோவிந்தனும் பிரகாஷும் சமம். ரெண்டு பேருக்கும் என்ன தெரியும்ங்கறது குழுவுக்குத் தெரியல. அதனால ஃபைலைப் பார்த்தோம். கோவிந்தன் ஃபைல்ல ஒரு விண்ணப்பம் அதிகமா இருக்கு. அந்த ஈடுபாடுதான் எங்களுக்கு முக்கியம். கோவிந்தன் முதலிடம், பிரகாஷ் ரெண்டாமிடம்."

கோவிந்தன் உடனே செல்போனை எடுத்தான். வீட்டுக்குச் சொன்னான். பிரியதர்ஷினி அன்று மாலையே ஓசூர் பஜாரில் குழந்தைகளுக்கு ஸ்வெட்டர் வாங்கிவிட்டாள். மாமியார் கெம்பம்மா போன் செய்தார்.

"பெரிய மாப்ளே, ரொம்ப சந்தோசம். ஆனா அங்க ராகி மாவு கெடைக்குமா? உங்களுக்குக் களி இல்லாம எறங்காதே. சின்ன மாப்ளே போயிருந்தா கவலை இல்ல. எது குடுத்தாலும் சாப்பிடுவாரு, பாவம்."

ஜெயித்த அன்றும் சின்ன மாப்பிள்ளை ஒரு படி மேலே நின்றான். பரவாயில்லை. இனி வேண்டியது ஒன்றுதான். பிரகாஷின் முகம் சுண்டுவதைப் பார்க்க வேண்டும்.

அதற்கும் குழுவே வழி செய்து வைத்திருந்தது. தேர்வானவர், தம் நெருங்கிய போட்டியாளரிடமிருந்து 'பொறாமையின்மைச் சான்று' பெற்றுத் தர வேண்டும். ராஜ்குமார் விளக்கினார்.

"போன தடவை ஒருத்தரை புனேக்கு அனுப்பினோம். மிச்சம் இருந்தவங்க ஒருத்தரோட ஒருத்தர் பேச்சை நிறுத்திட்டாங்க. பம்புல கசிவு வந்துச்சு. பொறாமைங்கறது ஒரு தரக் குறைபாடு. குறைபாட்டை நாம தடுக்க முடியாது. ஆனா ஆவணப்படுத்த முடியும்."

கோவிந்தன் சான்றை எடுத்துக்கொண்டு தரச் சோதனை அறைக்குப் போனான். நடையில் ஒரு நிதானம் இருந்தது. 'பிரகாஷ் மழுப்புவான். நாளைக்கு வா என்பான். குரல் கம்மும். அவசரமே இல்லை. நின்று பார்க்கலாம்.'

பிரகாஷ் தாளை வாங்கி, பக்கத்தில் இருந்த பம்பு மூடியின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

"அவ்ளோதானா? வேற எங்கனா போடணுமா சகலை?"

"படிச்சுப் பார்த்துப் போடுப்பா."

"என்ன இருக்கு படிக்க? பொறாமை இல்லைன்னுதானே? இல்ல."

"கொஞ்சம்கூடவா?"

"எதுக்கு? நீ நல்லா இருந்தா எனக்கு என்ன நட்டம்? போயிட்டு வா, சந்தோசமா இரு."

கோவிந்தன் சான்றோடு வெளியே வந்தான். வெயிலில் நின்று முறைப்படி யோசித்தான். இதில் மூன்றில் ஒன்று இருக்க வேண்டும். ஒன்று, அந்த ஊர் உருப்படாத ஊர் என்பது பிரகாஷுக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு, இதைவிடப் பெரியதாக ஏதோ பிரகாஷுக்குக் கிடைக்கப் போகிறது. மூன்று, பிரகாஷுக்கு உண்மையிலேயே பொறாமை இல்லை. முதல் இரண்டையும் கோவிந்தனால் தாங்கிக்கொள்ள முடிந்தது.

வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை.

"அவனுக்கு வயிறு எரியலைடி," என்றான்.

"எரியலைன்னா நல்லதுதானே?"

"எரியாதவன் முன்னாடி நான் என்னாத்துக்கு அவ்வளவு தூரம் போவணும்? அங்க போயி பனியில நின்னு போட்டோ எடுத்து அனுப்பறேன்னு வெச்சுக்க. அவன் பார்த்துட்டு 'நல்லா இருக்கு சகலை'ன்னு போட்டான்னா? நெஜமாவே அப்பிடி நெனச்சுப் போட்டான்னா?"

பிரியதர்ஷினி சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டாள். "அவருக்காகத்தான் போறதா இருந்தா அவரையே கட்டிட்டுப் போயிருக்கணும். நானும் புள்ளைங்களும் என்னாத்துக்கு நடுவுல? நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். தெருவே வழியனுப்பி வெச்சாச்சு."

அவன் கேட்கவில்லை. விலகுவதாகக் கடிதம் எழுதப் போனான். குழுவின் விதிப்படி, விலகல் கடிதம் தேர்ந்தெடுத்த மொழியிலேயே இருக்க வேண்டும். கோவிந்தன் உட்கார்ந்து எழுதினான். எனக்கு அங்கே வர விருப்பமில்லை, என் மனம் இங்கே ஒருவரின் முகத்தில் இருக்கிறது என்று நார்வேஜியன் மொழியில் எழுதினான். மனது கொதித்துக்கொண்டிருந்ததால் சொற்கள் தாமாக வந்தன.

ராஜ்குமாருக்கு அதைப் படிக்கத் தெரியாது. மணிமேகலை நீலத் துப்பட்டா போட்டு வந்து படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சார், ஒரு தப்புகூட இல்ல. இப்பிடி யாருமே எழுதினதில்ல."

ராஜ்குமார் மகிழ்ந்துபோனார். கடிதத்துக்குச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டச் சொன்னார். கீழே 'நமது மொழித் திட்டத்தின் முதல் வெற்றி' என்று எழுதப்பட்டது. வருகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

"அப்ப நான் போறதா வேணாமா சார்?" என்று கோவிந்தன் கேட்டான்.

"நீங்கதான் விலகிட்டீங்களே. அதுவும் எவ்வளவு அழகா! அடுத்து பிரகாஷ். நாளைக்கு வந்து அவருக்குப் பொறாமையின்மைச் சான்றுல கையெழுத்துப் போட்டுடுங்க. நீங்கதானே நெருங்கிய போட்டியாளர்?"

கோவிந்தனுக்கு இது தோன்றவே இல்லை. பிரகாஷின் முகத்தை ஆராய்ந்ததில், பட்டியலில் அடுத்த பெயர் அவனுடையது என்பதை மறந்துவிட்டிருந்தான்.

மறுநாள் குழு அறையில் பூங்கொத்தும் கேமராவும் தயாராக இருந்தன. பிரகாஷ் கோட்டு போட்டிருந்தான். விமானச் சீட்டு வந்துவிட்டது. ராஜ்குமார் நாட்டை அறிவித்தார். டென்மார்க்.

"சார், அவன் படிச்சது நார்வேஜியனாச்சே?" என்றான் கோவிந்தன், கடைசி நம்பிக்கையோடு.

"பரவால்ல கோவிந்தன். அதெல்லாம் பக்கத்துப் பக்கத்து ஊருதான். ஒருத்தர் பாஷை இன்னொருத்தருக்குப் புரியுமாம். நம்ம ஓசூர், அத்திப்பள்ளி மாதிரி."

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே சார்?"

"மொதல்லயே சொல்லிட்டா குழு எதுக்கு?" என்றார் ராஜ்குமார். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்.

தாள் முன்னால் வந்தது. 'எனக்கு மேற்படி நபர் மீது பொறாமை ஏதும் இல்லை என இதன்மூலம் உறுதியளிக்கிறேன்.' கோவிந்தன் பேனாவை எடுத்தான். பேனா முனை தாளுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றுவிட்டது. கை இறங்கவில்லை. கேமராக்காரர் இரண்டு முறை தயாராகி இரண்டு முறை இறக்கினார்.

பிரகாஷ் பூங்கொத்தை மூக்குக்கு அருகே வைத்துக்கொண்டு குனிந்தான். "போட முடியலையா சகலை?"

"கை மரத்துப் போச்சுப்பா."

"எனக்கும் இப்பிடித்தான் இருந்துச்சு."

கோவிந்தன் நிமிர்ந்தான். "எப்ப?"

"நீ வந்து நீட்டினப்ப. படிச்சா போட முடியாதுன்னுதான் படிக்காமப் போட்டேன். வீட்டுக்குப் போயி பாத்ரூம்ல தண்ணியைத் தொறந்துவிட்டுட்டு நின்னேன். காவியா கதவைத் தட்டறா, என்னங்க என்னங்கன்னு. வயித்து வலின்னேன்."

"நெசமா?"

"அத்தை மேல சத்தியமா. ஒரு வாரம் உன் பேரைச் சொன்னாலே சோறு கசந்துச்சு."

கோவிந்தனுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. இத்தனை நாள் நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போயிற்று. பிரகாஷுக்கு எரிந்திருக்கிறது! பாத்ரூமில் நின்று எரிந்திருக்கிறான்! கோவிந்தன் சகலையின் தோளில் கையைப் போட்டான். அந்தக் கணத்தில் அவனுக்குப் பிரகாஷ் மேல் பொறாமை என்பது துளியும் இல்லை. சுழித்து, கீழே ஒரு கோடும் இழுத்துக் கையெழுத்துப் போட்டான். கேமரா மின்னியது. குழு வழங்கியவற்றிலேயே உண்மையான ஆவணம் அது ஒன்றுதான்.

இருவரும் தோள்மேல் கை போட்டபடியே வராந்தாவுக்கு வந்தார்கள்.

"நீ வந்திருந்தா நல்லா இருந்திருக்கும் சகலை," என்றான் பிரகாஷ். "வீடு கம்பெனியே குடுக்குதாம். மாடி வீடு. மாடியில நின்னா கீழ கடல் தெரியுதாம். அதுவும் சூடு பண்ணின தரையாம், செருப்பு இல்லாம நடக்கலாமாம்."

கோவிந்தனின் கை தோளிலிருந்து தானாக இறங்கியது. அவன் திரும்பி, வேகமாகக் குழு அறைக்குள் போனான்.

"சார், அந்தச் சான்றைக் கொஞ்சம் திருப்பித் தாங்க."

ராஜ்குமார் கோபப்படவில்லை. இதையும் குழு எதிர்பார்த்திருந்தது. தாளின் அடியில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்த வரியின் மேல் விரலை வைத்து, கோவிந்தன் படிக்க வசதியாகத் திருப்பிக் காட்டினார்.

'கையொப்பமிட்ட பிறகு ஏற்படும் பொறாமைக்குக் குழு பொறுப்பல்ல.'